சர்க்கரை குறைந்தால் அங்பாவ்

புரட்டாசி விரதம் இனிப்புநீருக்கு, அதாவது சர்க்கரை வியாதிக்கு, நல்ல மருந்து என்று ஒரு மனிதருக்குப் பரிந்துரைத்து, அதற்காகக் கம்பெனியில் சன்மானமும் வாங்கத் தயாராக இருந்தவன் நான். இத்தனை வருடம் இதை எழுதாமல் இருந்ததற்கு வெட்கம் மட்டும் காரணமில்லை. இப்போது நானே காலையும் மாலையும் மாத்திரை போடுகிறேன். மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு தண்ணீருக்குக் கை நீட்டும்போது, "ஏங்க, புரட்டாசி வர்ற வரைக்கும் பொறுக்கலாம்ல?" என்று மனைவி கேட்கிறாள். வீட்டுக்குள் ஏற்கெனவே வெளியாகிவிட்ட செய்தியை வெளியில் மறைத்து என்ன பயன்?

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மலாக்கா மாநிலத்து ஆயர் குரோ தொழிற்பேட்டையில், மேசை நாற்காலி செய்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு தொழிற்சாலையின் பணியாளர் பிரிவில் நான் கிராணி, அதாவது குமாஸ்தா. யார் எத்தனை நாள் விடுப்பு எடுத்தார், எதற்கு எடுத்ததாகச் சொன்னார், உண்மையில் எதற்கு எடுத்தார் என்பதையெல்லாம் அறிந்திருப்பது என் உத்தியோகம். முதல் இரண்டும் கோப்பில் இருக்கும். மூன்றாவது தேநீர் நேரத்தில் தானாக வந்து சேரும். இதைத் தவிர எனக்கு இரண்டு தகுதிகள் இருந்தன. ஒன்று, கையில் கிடைத்த புத்தகத்தையெல்லாம் படித்துவிடுவேன். மற்றது, கல்யாண வீட்டிலும் கோயில் விழாவிலும் என்னை வாழ்த்துரைக்கு அழைப்பார்கள். என் கையில் ஒலிவாங்கியைக் கொடுப்பது சுலபம், திரும்ப வாங்குவதுதான் சிரமம் என்று வட்டாரத்தில் பெயர்.

எங்கள் முதலாளி சீனர். அந்த வருடம் வெளிநாட்டுக்குப் போய்த் திரும்பியவர் ஒரு யோசனையோடு வந்தார். நோயாளியைத் திட்டினால் அவன் மருத்துவ விடுப்பு எடுப்பான், காசு கொடுத்தால் ஆரோக்கியமாகிவிடுவான் என்பதுதான் அந்த யோசனையின் சாரம். இனிப்புநீர் உள்ள தொழிலாளிகள் மாதம் ஒருமுறை கம்பெனி கிளினிக்கில் ரத்தம் கொடுக்க வேண்டும். சர்க்கரை குறைந்திருந்தால் சிவப்பு உறையில் காசு, அதாவது அங்பாவ். அதுவரை சீனப் பெருநாளுக்கு மட்டுமே பார்த்த உறை அது. ஒவ்வொரு நோயாளிக்கும் அலுவலகத்திலிருந்து ஒரு பயிற்சியாளர் உண்டு. மாணவனுக்குக் குறைந்தால் பயிற்சியாளருக்கும் ஓர் உறை. பேசத் தெரிந்தவன் என்ற ஒரே காரணத்துக்காக என்னைப் பயிற்சியாளனாகப் போட்டார்கள். பேச்சால் சர்க்கரை குறையும் என்று முதலாளி நம்பினார். அவரைவிட அதிகமாக நான் நம்பினேன்.

என் மாணவர் ஒரு கொள்கலன் லோரி ஓட்டுநர். அலோர் காஜாவைச் சுற்றியுள்ள ரப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்து, லோரியில் கெலிண்டானாக ஏறிச் சாமான் இறக்கி, கயிறு கட்டி, ஒருநாள் ஓட்டுநர் இருக்கைக்கு நகர்ந்தவர். பெரிய உடம்பு, பெரிய மீசை. என்னைவிட நான்கைந்து வயது இளையவர் என்பதால் என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். அவருக்கு உறையைப் பற்றி அவ்வளவு கவலை இல்லை. கவலை வேறு. சாயங்காலத்தில் கண் மங்குகிறது என்று அவர் வாய் தவறிச் சொன்னதை டாக்டர் பிடித்துக்கொண்டார். சர்க்கரை இறங்காவிட்டால் கனரக வாகனம் ஓட்டத் தகுதி என்று கையெழுத்துப் போட முடியாது என்றுவிட்டார். அப்படியானால் அவரை ஸ்டோருக்கு மாற்றுவார்கள். ஸ்டோருக்கு அப்போது பொறுப்பாக இருந்தவன், ஒரு காலத்தில் இவரிடமே கெலிண்டானாக இருந்தவன்.

"அவன நான் டேய்னு கூப்பிட்டு சிகரெட் வாங்க அனுப்புனவன்லா அண்ணே. இப்ப அவன் முன்னாடி போயி, சொல்லுங்க, எந்தப் பொட்டிய எங்க வைக்கணும்னு நிக்கச் சொல்றீங்களா?"

நான் சொல்லவில்லை, டாக்டர்தான் சொல்கிறார் என்றேன். அவர் இன்னொரு நிபந்தனையும் போட்டார். தனக்கு இனிப்புநீர் இருப்பது தோட்டத்துச் சொந்தக்காரர்கள் யாருக்கும் தெரியக்கூடாது. தெரிந்தால் அது ஒரே நாளில், அதே தோட்டத்தில் இருக்கும் அந்தக் கெலிண்டானின் மாமியார் வீடு வரைக்கும் போய்விடும்.

பயிற்சி தொடங்கியது. வேலை முடிந்ததும் ஆயர் குரோ ஏரியைச் சுற்றி இருவரும் நடப்போம். நடந்துகொண்டே நான் பேசுவேன். பழங்காலத்து அரசர்களின் உணவுமுறை, உடம்பில் வாதம் பித்தம் கபம் இருக்கும் இடங்கள், கணையம் என்ற உறுப்பின் தனிமை என்று என் படிப்பெல்லாம் ஏரியைச் சுற்றி வந்தது. அவர் எல்லாவற்றுக்கும் "சரிண்ணே" என்பார். நெடுஞ்சாலையில் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும் கலை லோரி ஓட்டுநர்களுக்கு உண்டு என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நடை முடிவில் முதலில் மூச்சு வாங்குவது நான்தான். ஏரி வாசலில் ஒரு சென்டோல் கடை இருந்தது. தேங்காய்ப்பாலில் பச்சை மாவு இழைகளைப் போட்டு, ஐஸைத் துருவி, மேலே குலா மலாக்கா என்ற தென்னை வெல்லப் பாகை ஊற்றிக் கொடுப்பார்கள். சர்க்கரைக்குத் தன் பெயரையே கொடுத்திருக்கும் மாநிலத்தில் சர்க்கரையை எதிர்த்துக் கிளம்பியவர்கள் நாங்கள். மாணவர் வெறும் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பதில் நான் கண்டிப்பாக இருந்தேன். மனவுறுதியைச் சோதிப்பதற்காக அவர் எதிரே உட்கார்ந்து நான் சென்டோல் சாப்பிடுவேன்.

முதல் மாதப் பரிசோதனையில் சர்க்கரை பிரமாதமாக இறங்கியிருந்தது. இருவருக்கும் உறை கிடைத்தது. என் பேச்சின் வல்லமை என்று நான் பூரித்துப்போனேன். தேதி முன்கூட்டியே தெரிந்ததால் அவர் அதற்கு முந்தைய இரண்டு நாளும் தண்ணீரும் உப்பு பிஸ்கட்டுமாக ஓட்டியிருந்தார் என்பது எனக்குத் தெரியாது. அன்று சாயங்காலமே அவர் என்னை ஒட்டுக்கடைக்கு அழைத்துப்போய், உறையைப் பிரித்து ரொட்டி சானாயும் தே தாரிக்கும் வாங்கிக் கொடுத்தார். இனிப்புப் பால்டின் பாதி, தேநீர் பாதியாக இருந்த இரண்டு உயரமான தம்ளர்களுக்குப் பின்னால் நாங்கள் வெற்றியைக் கொண்டாடிக்கொண்டிருந்தபோது, கிளினிக்கில் ரத்தம் எடுக்கும் நர்ஸான மிஸி மீ கோரேங் பொட்டலம் வாங்க வந்தார். நாற்பது வயதுத் தமிழ்ப் பெண். எங்களைப் பார்த்தார், தம்ளர்களைப் பார்த்தார், பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் தொலைபேசியில் எனக்கு ஒரு தகவல் வந்தது. இனிமேல் தேதி சொல்ல மாட்டார்களாம். கூப்பிடும் அன்றைக்கே வர வேண்டுமாம்.

அப்போதுதான் புரட்டாசி பிறந்தது. எனக்கும் அந்த ஞானம் பிறந்தது.

நம் ஆட்கள் இங்கே புரட்டாசி மாதம் முழுக்கக் கவிச்சியைத் தொடுவதில்லை. ஆட்டுக்கறியும் பீரும் இல்லாமல் ஒரு மாதம். சனிக்கிழமை மதியம் வரை வெறும் வயிறு. இதைவிடப் பெரிய பத்தியம் எந்த மருத்துவத்தில் இருக்கிறது என்று யோசித்தேன். நம் முன்னோர்கள் இனிப்புநீருக்காகவே இந்த மாதத்தை ஏற்படுத்தியிருக்கலாம் என்றுகூடத் தோன்றியது. தொழிற்சாலைக் கேன்டீனில் ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு இது பற்றி ஓர் உரையும் ஆற்றினேன். கைதட்டல் கிடைத்தது. என் மாணவர் மிகவும் மகிழ்ந்தார். எப்படியும் இருக்கப்போகும் விரதத்துக்கு அங்பாவும் கிடைக்கும் என்றால் யார்தான் மகிழ மாட்டார்கள்?

அந்த மாதத்தில் அவர் சாப்பிட்டதை நான் நேரில் பார்த்தேன், பலநாள் கூடவே உட்கார்ந்தும் சாப்பிட்டேன். கறி இல்லாத குறையைச் சோறு வந்து நிரப்பியது. வாழையிலையில் மலைபோல் சோறு, அதன் மேல் சாம்பார், ஓரத்தில் உருளைக்கிழங்குப் பிரட்டல், அப்பளம், கடைசியில் பாயசம். சனிக்கிழமைகளில் கோயிலில் சர்க்கரைப் பொங்கலும் கேசரியும். காலையில் பட்டினி கிடந்ததால் அதை ஈடுகட்ட இரண்டாம் முறை வரிசையில் நிற்பதில் தவறில்லை என்று நாங்கள் முடிவுசெய்திருந்தோம். கிள்ளான் துறைமுகத்துக்குப் போகும் வழியில் சாலையோரக் கடைகளில் வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்து விற்பார்கள். அதைப் பற்றி அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. பீசாங் கோரேங் சைவம்தானே என்று கேட்டார். நான் தீர யோசித்து, முழுக்க முழுக்கச் சைவம் என்று தீர்ப்புச் சொன்னேன். தே தாரிக்கும் அந்தத் தீர்ப்பில் அடங்கியது.

புரட்டாசி முடியும் தறுவாயில் மிஸியிடமிருந்து அழைப்பு வந்தது. மாணவரும் நானும் வெற்றி நடை போட்டுப் போனோம். நெற்றியில் நாமம் வேறு. மிஸி அவர் விரலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை எடுத்து இயந்திரத்தில் வைத்தார். எண்ணைப் பார்த்தார். வேறொரு பட்டையை எடுத்து இன்னொரு விரலில் குத்தினார். மறுபடியும் அதே எண். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். மாணவர் ஒளிவுமறைவில்லாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, அண்ணன் சொன்னபடிதான் என்று முடித்தார்.

மிஸி என் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"

நிறையப் படித்திருக்கிறேன் என்றேன். அவர் கேட்டது அதையல்ல என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது.

"கோழியில சக்கர இல்லைங்க. சோத்துலதான் இருக்கு. நல்லா இருந்த மனுசனக் கறி திங்க விடாம, ஒரு மாசம் சக்கர மூட்டைக்கு மேல ஒக்கார வச்சிருக்கீங்க."

உள்ளே டாக்டர் சுருக்கமாகப் பேசினார். இன்னும் ஒரே ஒரு பரிசோதனை, தீபாவளி கழித்து. அதிலும் இறங்காவிட்டால் முதலாளிக்குக் கடிதம் போகும்.

சாயங்காலம் வேலை முடிந்து வீடு திரும்பும்போது மாணவர் என் பழைய காரில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்து, அதற்கேற்ற சில சமாதானங்களைத் தயார் செய்திருந்தேன். அவர் கோபப்படவில்லை. ஸ்டோரில் சேருபவர்களுக்கு முதல் நாள் கையுறை கொடுப்பார்கள், அதைப் பற்றிச் சொன்னார்.

"அவன் கையால கிளவுஸ் வாங்கணும்லா அண்ணே."

பயிற்சியாளனாக ஆன பிறகு நான் பேசாமல் இருந்த முதல் சாயங்காலம் அது.

அதன் பிறகு அவர் மாறினார். அதற்கு நானோ சிவப்பு உறையோ காரணமில்லை. அந்தக் கையுறைதான் காரணம் என்று நினைக்கிறேன். மிஸி சொன்னபடி சோற்றைக் கைப்பிடிக்குக் குறைத்தார். மீனும் கீரையுமாகச் சாப்பிட்டார். ஒட்டுக்கடையில் தே ஓ கோசோங் என்று கேட்டு, பாலும் சீனியும் இல்லாத அந்தக் கறுப்புத் தண்ணீரை முகத்தைச் சுளிக்காமல் குடித்தார். துறைமுகத்தில் லோரிகள் வரிசையில் காத்துக் கிடக்கும் நேரத்தில் கொள்கலன்களுக்கு நடுவே நடந்தார். ஏரிக்கு என்னோடு வருவதை மட்டும் நிறுத்திவிட்டார். பேச்சு இல்லாமல் நடந்தால் வேகமாக நடக்க முடிகிறதாம்.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது தீபாவளி வந்தது.

இந்த நாட்டில் தீபாவளி என்பது ஒருநாள் சங்கதி இல்லை. வாரக்கணக்கில் வீடு வீடாக, வருகிறவர்களுக்கெல்லாம் விருந்து வைக்கும் ஓப்பன் ஹவுஸ் நடக்கும். என் மாணவர் குடும்பத்தில் மூத்த தாய்மாமன். தங்கைகள் வீடு, தங்கை பிள்ளைகள் வீடு என்று எல்லா இடத்துக்கும் அவர் போயே ஆக வேண்டும். போனால் சாப்பிட்டே ஆக வேண்டும். சாப்பிடவில்லை என்றால், பெரிய லோரி ஓட்டுகிற திமிர் என்பார்கள். உடம்பு சரியில்லை என்று சொல்லவும் வழியில்லை. அவர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது, இழந்த மரியாதையை மீட்க எனக்கு ஒரு வாய்ப்புத் தெரிந்தது.

"நானும் கூட வர்றேன்," என்றேன். "ஒங்க தட்ட நான் பாத்துக்கறேன்."

திட்டம் எளிமையானது. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவோம். வீட்டுக்காரர்கள் சமையலறைப் பக்கம் திரும்பும்போது என் காலித் தட்டு அவர் முன்னால் போகும், அவர் நிறைந்த தட்டு என் முன்னால் வரும். இதில் நான் கவனிக்காமல் விட்ட ஒன்று உண்டு. நம் வீடுகளில் காலித் தட்டு என்றால் இன்னும் வை என்று பொருள். அண்ணன் இவ்வளவு ஆசையாகச் சாப்பிடுகிறாரே என்று அவர் தங்கை கண் கலங்கி, இன்னொரு கரண்டி ஆட்டுக்கறிப் பிரட்டலைக் கொட்டினார். அதுவும் என்னிடம் வந்தது. முதல் வீட்டிலேயே நான் இரண்டு ஆள் பிரியாணி சாப்பிட்டிருந்தேன். அடுத்த வீட்டில் அதிரசமும் நெய்யுருண்டையும். அதற்கடுத்த வீட்டில் தோசை. எல்லா வீட்டிலும் முறுக்கு, எல்லா வீட்டிலும் ஆரஞ்சு நிறத்தில் சோடா. சோடாவை மாற்றுவதுதான் கடினம். அதை அவர் உதட்டில் வைத்துவிட்டு, என் தம்ளரில் ஊற்றிவிடுவார்.

தஞ்சோங் கிளிங்கில், கடலோர ஹோட்டல் ஒன்றில் வேலை பார்க்கும் தங்கை மகன் வீட்டில்தான் மாட்டிக்கொண்டோம். தட்டு பாதி வழியில் இருக்கும்போது மருமகள் கேசரிக் கிண்ணத்தோடு வந்து நின்றாள். என் இரண்டு கையிலும் இரண்டு தட்டு. அவள் தட்டுகளைப் பார்த்தாள், பிறகு மாமாவைப் பார்த்தாள். தன் லோரி இருக்கையே அந்தப் பார்வையில் தொங்குவதுபோல் அவர் ஒரு கணம் திணறினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். அப்படியும் நடுக்கூடம் முழுக்கக் கேட்டது.

"வையிம்மா, வையி. ஆபீஸ்ல கிராணி. பாவம், அவரு வீட்டுல சரியா சமைக்க மாட்டாங்களாம்."

அந்தப் பெண் இரக்கத்தோடு கிண்ணத்தையே என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். கிளம்பும்போது ஒரு டின் நிறைய முறுக்கும் தந்தாள். அந்த டின்னை வீட்டுக்குக் கொண்டுபோய், அது எப்படிக் கிடைத்தது என்பதை நகைச்சுவையாகச் சொல்லலாம் என்று நினைத்தது என் அடுத்த தவறு. மனைவி சிரிக்கவில்லை. மறுநாள் முதல் சில நாளைக்கு என் மாணவர் சொன்னது உண்மையாகவே இருந்தது. காலைப் பசியாறுவதற்குக்கூட ஒட்டுக்கடைக்குப் போனேன்.

அழைப்பு ஒரு திங்கட்கிழமை காலையில் வந்தது. ஓப்பன் ஹவுஸ்களின் கடைசி ஞாயிறு முடிந்த மறுநாள். மிஸிக்கு நாள் பார்க்கத் தெரியும். மாணவர் விரலை நீட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். இயந்திரம் எண்ணைக் காட்டிய பிறகும் மிஸி உடனே சொல்லவில்லை. இன்னொரு பட்டையை எடுத்து இன்னொரு விரலில் குத்தினார். போனமுறை அப்படிக் குத்தியதன் அர்த்தம் எங்களுக்குத் தெரியும்.

"எறங்கியிருக்கு," என்றார் மிஸி. "நெஜமாத்தான் எறங்கியிருக்கு. அதான் ரெண்டு தடவ பார்த்தேன்."

டாக்டர் கையெழுத்துப் போட்டார். மாணவர் அந்தத் தாளை மடிக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, என்னை விட்டுவிட்டு நேராக லோரி நிறுத்துமிடத்துக்கு நடந்தார். கொஞ்ச நேரத்தில் ஹாரன் சத்தம் கேட்டது. ஸ்டோர் வாசலைத் தாண்டும்போது தேவைக்கு மேல் நீளமாக அடித்தார்.

முதலாளிக்குப் பரம சந்தோஷம். திட்டம் வெற்றி என்று அலுவலகத்தில் ஒரு சிறு கூட்டம் போட்டு, எனக்குச் சிவப்பு உறையைக் கொடுத்துப் படமும் எடுத்தார்கள். அந்தப் படத்தில் என் சட்டைப் பொத்தான் ஒன்று இழுத்துக்கொண்டு நிற்பதைக் காணலாம். எனக்கும் சேர்த்து ஒரு சொட்டு ரத்தம் பார்த்துவிடலாமா என்று மிஸி கேட்டார். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் அது கிடையாது என்று கம்பீரமாக மறுத்தேன். கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். நான் பேசினேன். ஊக்கத்தொகை என்பது வெறும் தூண்டுகோல்தான், வழிகாட்டுதலே உயிர் என்ற பொருளில் நீண்ட நேரம் பேசியதாக நினைவு.

அடுத்த மாதம் எனக்குப் புது மாணவர் ஒருவரைக் கொடுத்தார்கள். பேக்கிங் பிரிவில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். முதல் பாடத்துக்கு நேரம் சொல்லிவிட்டு வரலாம் என்று அவரைத் தேடி லோரி நிறுத்துமிடத்துக்குப் போனேன். ஒரு கொள்கலனுக்கு அந்தப் பக்கம் அவரும் என் பழைய மாணவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். கிராணி எப்படி, சொல்லிக் கொடுப்பாரா என்று புதியவர் கேட்டுக்கொண்டிருந்தார். பாராட்டைக் கேட்டுவிட்டுப் போகலாம் என்று நான் இந்தப் பக்கமே நின்றேன்.

"நல்ல மனுசன்லா," என்றார் என் மாணவர். "நெறைய படிச்சவரு. பேசுறத மட்டும் ரொம்பக் காதுல வாங்காத. தட்ட அவரு பக்கம் தள்ளி விட்டுரு, மத்தத அவரு பாத்துக்குவாரு."